பள்ளிக்கூடமா, வீடா? திருவனந்தபுரத்தின் 200 வருடக் கதை

சென்ற ஆவணி அவிட்டத்திற்கு என் பெண்ணும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். பேரனுக்கு ஆறு வயது முடியப் போகிறது. பூணூல் மாற்றி, சாப்பாடும் முடிந்து, எல்லோரும் ஊஞ்சல் பக்கம் உட்கார்ந்திருந்தபோது பெண் மெதுவாக விஷயத்தை ஆரம்பித்தாள்.

"அப்பா, இவனை ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டாம்னு பார்க்கறோம். ஆத்துலயே படிக்கட்டும். நீங்க கணக்கும் சயன்ஸும் சொல்லிக் கொடுக்கறதா இருந்தா இங்கயே கொண்டு வந்து விட்டுடறோம்."

உண்மையைச் சொல்வதானால் எனக்கு உள்ளூர மிகவும் சந்தோஷம். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் இப்படி ஒரு பொறுப்பை யாரும் நம்பி ஒப்படைத்ததில்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் கோப்புகளைப் பார்த்த பழக்கம் விடவில்லை. முன்னுதாரணம் பார்க்காமல் குறிப்பு எழுதக்கூடாது என்பது எனக்குப் பாடமானது. "ஒரு மாசம் டயம் கொடு" என்றேன். அந்த ஒரு மாதத்தில் நான் படித்ததையும் யோசித்ததையும் நமது அங்கத்தினர்களுடன் பகிர்ந்து கொள்ளவே இந்தக் கட்டுரை. முன்னுதாரணம் தேட நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலானவை நம் ஊரிலேயே கிடைத்தன.

அரண்மனைக்குள் ஒரு வகுப்பு

இருநூறு வருஷத்துக்கு முன் திருவிதாங்கூரில் பள்ளி என்றால் குடிப்பள்ளிக்கூடம்தான். ஆசான் ஒருவர், அவர் வீட்டு முற்றம் அல்லது ஒரு ஓலைக் கொட்டகை. முதலில் மணலில் விரலால் எழுத்து, பிறகு பனையோலையில் எழுத்தாணி. நம் பையன்களுக்கு உபநயனம் ஆனபின் அத்யயனம். குரு ஒரு தடவை சொல்ல, சிஷ்யன் இரண்டு தடவை திருப்பிச் சொல்லும் சந்தை முறை. இதில் எது வீடு, எது பள்ளி என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம்.

வீட்டுப் படிப்பின் மிகச் சிறந்த உதாரணம் என்று நான் முதலில் எடுத்துக் கொண்டது ஸ்வாதித் திருநாள் மகாராஜாவை. 1813ல் பிறந்த 'கர்ப்ப ஸ்ரீமான்'. எந்தப் பள்ளி வாசலையும் அவர் மிதித்ததில்லை. தஞ்சாவூரிலிருந்து வந்த சுப்பராவ் (இவரை இங்கிலீஷ் சுப்பராவ் என்றே ஊர் அழைத்தது) அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். சமஸ்கிருதத்துக்கும் மற்ற பாஷைகளுக்கும் தனித்தனியே பண்டிதர்கள் இருந்தார்கள். 1825ல் இங்கு வந்த கர்னல் வெல்ஷ், பன்னிரண்டு வயதே ஆன இந்தப் பிள்ளை ஆங்கிலம் வாசித்ததையும், யூக்ளிடின் க்ஷேத்திர கணிதத்தில் படம் போட்டு விளக்கியதையும் கண்டு ஆச்சரியப்பட்டு எழுதி வைத்திருக்கிறார். ஸங்கீதத்தில் அவர் செய்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

பார், பள்ளிக்கூடம் போகாமலே இவ்வளவு என்று பெண்ணுக்கு உடனே போன் போட்டுச் சொல்லத் தோன்றியது. அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் கை நின்றது. வீட்டிலேயே படித்துத் தேர்ந்த இதே மகாராஜா 1834ல் திருவனந்தபுரத்தில் ஒரு ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். ஜான் ராபர்ட்ஸ் என்பவர் அதன் தலைமை ஆசிரியர். 1836ல் அது ராஜாவின் இலவசப் பள்ளி ஆயிற்று. அதற்கு முன்பே, 1817ல், அவருடைய சித்தி ராணி கௌரி பார்வதி பாய், கல்வியின் முழுச் செலவையும் சர்க்காரே ஏற்க வேண்டும் என்று நீட்டு பிறப்பித்திருந்தார். அரண்மனைக்குள் கிடைத்தது வெளியில் இருப்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றால் பள்ளி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1837ல் வானநோக்கு நிலையம் கட்டிய மகாராஜாவுக்கு, தொலைநோக்கியை வீட்டுக்கு வீடு வைக்க முடியாது என்பது புரியாமலா இருக்கும்?

அடுத்த தலைமுறையிலும் இதே கதை. ஆயில்யம் திருநாளும் அவர் தம்பி விசாகம் திருநாளும் அரண்மனையிலேயே படித்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல 1849ல் வந்தவர் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவ ராவ். பின்னால் 1872 வரை திவானாக இருந்தவர். விசாகம் திருநாள் நல்ல ஆங்கில எழுத்தாளர், தாவர சாஸ்திரத்தில் ஈடுபாடு உள்ளவர், சென்னை சர்வகலாசாலையின் ஃபெல்லோ. இன்று கேரளம் முழுவதும் சாப்பிடும் மரச்சீனிக் கிழங்கைப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டுப் படிப்புக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? ஆனால் மாதவ ராவ் எங்கே படித்தார்? சென்னையில், பவெல் துரையின் ஹைஸ்கூலில். வீட்டுக்கு வந்த வாத்தியார் பள்ளிக்கூடத்தில் தயாரானவர்! அவர் திவானாக இருந்த காலத்தில்தான், 1866ல், ராஜாவின் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. பாளையத்தில் இன்றும் நிற்கும் யூனிவர்சிட்டி காலேஜ் அதுவே.

ஓலை சேர்த்துப் படித்த பையன்

அரண்மனையை விட்டு விடுவோம். ஏழை வீட்டுப் பையன் தானாகவே படித்து மேலே வந்த கதை இல்லையா? இருக்கிறது. நகரத்திலேயே, கண்ணம்மூலையில்.

1853ல் அங்கே கொல்லூரில் பிறந்த குஞ்ஞன் பிள்ளை என்ற பையனைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் எழுத்தோலைகளைப் பார்த்தே எழுத்துக் கற்றுக் கொண்டான் என்றும், கொல்லூர் மடத்தில் ஒரு சாஸ்திரிகள் சமஸ்கிருதப் பாடம் சொல்லும்போது மறைந்து நின்று கேட்டே பாடம் பண்ணிவிட்டான் என்றும், அதைக் கண்டுபிடித்த சாஸ்திரிகள் கோபிக்காமல் அவனையும் உட்கார வைத்தார் என்றும் சொல்வார்கள். பின்னர் பேட்டை ராமன் பிள்ளை ஆசானின் பள்ளியில் சேர்ந்தான். அங்கே மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் சட்டாம்பிள்ளை வேலை கிடைத்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவர்தான் சட்டம்பி ஸ்வாமிகள். செக்ரடேரியட் கட்டடம் எழும்பியபோது அங்கே கூலிக்குச் செங்கல் சுமந்தவர் அவர். அதே கட்டடத்தின் வராந்தாக்களில் நடந்து பென்ஷன் வாங்கியவர்கள் நம்மில் எத்தனையோ பேர்!

ஸ்வாமிகள் எந்தக் காலேஜிலும் பட்டம் வாங்கவில்லை. ஆனால் அவருடைய படிப்பைத் தனிப்படிப்பு என்று சொல்லிவிட முடியுமா? ஆசான் தன் பேட்டை வீட்டில் நடத்திய ஞானப்பிரஜாகரம் சபையில் அவர் அறிஞர்களுடன் பழகினார். 'மனோன்மணீயம்' எழுதிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை அந்தச் சபைக்கு வந்து போனவர். ஸ்வாமிநாத தேசிகரிடம் தமிழ் கற்றார். நவராத்திரி வித்வத் சபைக்கு வந்த கல்லிடைக்குறிச்சி சுப்பா ஜடாபாடிகள் இவருடைய அறிவைப் பார்த்துத் தன் ஊருக்கே அழைத்துப் போய், வருஷக் கணக்கில் கூட வைத்துச் சாஸ்திரம் சொல்லிக் கொடுத்தார். நம் சமூகத்தைச் சேர்ந்த ஒரு வைதிகர், அந்தக் காலத்தில், ஜாதி பார்க்காமல் இதைச் செய்தார் என்பதை நாம் பெருமையோடு நினைவில் வைக்கலாம். பள்ளிக்குப் போக வழியில்லாத அந்தப் பையன் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பள்ளியைத் தேடிக் கொண்டான் என்பதுதான் சரி.

கும்பகோணத்துக் கணக்கு

நான் விஞ்ஞானம் படித்தவன். ஆகையால் இந்த விஷயத்தில் ராமானுஜனைக் கேட்காமல் விட முடியாது. வீட்டுப் படிப்புக்காக வாதாடுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் பெயரும் அதுதான்.

1887ல் பிறந்த ராமானுஜன் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் நன்றாகவே படித்தார், பரிசும் வாங்கினார். பதினைந்து, பதினாறு வயதில் கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு கைக்குக் கிடைத்தது. சுமார் 5,000 சூத்திரங்கள், நிரூபணம் பெயரளவுக்குத்தான். பரீட்சைக்குப் பயிற்சி கொடுத்த ஒருவர் தயாரித்த கையேடு அது. அதை வைத்துக் கொண்டு ஒவ்வொன்றையும் தானே நிரூபித்தார். பிறகு நடந்தது தெரிந்த கதை. கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் மனம் செல்லவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. 1907ல் எஃப்.ஏ. பரீட்சையைத் தனியாக எழுதி மீண்டும் தோற்றார். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம். 1918ல் எஃப்.ஆர்.எஸ்.

வீட்டில் தனியே உட்கார்ந்து அவர் கண்டுபிடித்தவற்றில் கணிசமானவை ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்தவை. சொல்ல ஆள் இல்லை. நிரூபணம் என்றால் என்ன என்று திருத்தவும் ஆள் இல்லை. ராமானுஜன் இளமையில் இறந்தது அல்ல, அந்த ஐந்து துரதிர்ஷ்ட வருஷங்களில் அவருடைய மேதைமை வழிதவறிப் போனதே உண்மையான துயரம் என்ற பொருளில் ஹார்டி எழுதினார். பழியைப் பிள்ளை மீது போடாமல், வளைந்து கொடுக்கத் தெரியாத கல்வி முறையின் மீதே போட்டார். இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. எல்லாப் பாடத்திலும் தேறாதவனுக்கு இடமில்லை என்று சொன்ன கல்லூரியும் தவறியது. தனிமையும் ஐந்து வருஷத்தைத் தின்றது. கடைசியில் அவரை மீட்டதும் கேம்பிரிட்ஜ் என்ற ஒரு கல்விக்கூடம்தான்.

வீட்டில் ஒன்றும் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் அபூர்வப் பிறவிகளின் கதை. சாதாரண ஜனங்களின் கதை வேறு.

என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். பள்ளி இல்லாத ஊரா என்றால் இல்லை. 1860களிலேயே இந்த நகரில் பெண்களுக்குப் பள்ளி உண்டு. வீட்டில் அனுப்பவில்லை, அவ்வளவுதான். சிறு வயதிலேயே விதவையாகிப் பிறந்த வீட்டுக்கு வந்தாள். தமிழிலும் மலையாளத்திலும் கைக்குக் கிடைத்த புத்தகம் எல்லாம் படித்தாள். வட்டிக் கணக்கு மனசிலேயே போடுவாள். நான் பி.எஸ்ஸி. படித்தபோது என் லாகரிதம் அட்டவணையை எடுத்துப் பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது என்று அரை மணி நேரத்தில் புரிந்து கொண்டாள். ஆனால் எந்த உத்தியோகத்துக்கும் மனுப் போட அவள் கையில் ஒரு காகிதம் இல்லை. கடைசி வரை தம்பி வீட்டில் அடுப்படியிலேயே இருந்தாள். வீட்டுப் படிப்பு அவளுக்கு அறிவைக் கொடுத்தது, காலைக் கொடுக்கவில்லை.

இதே நகரில், அத்தைக்கு முந்தைய தலைமுறையில், மேரி புன்னன் லூக்கோஸ் என்ற பெண் மகாராஜா காலேஜில் ஒரே மாணவியாகப் படித்தார். பெண் என்பதால் விஞ்ஞானப் பிரிவு மறுக்கப்பட்டது. சரித்திரம் எடுத்து 1909ல் பி.ஏ. முடித்து, லண்டன் போய் வைத்தியம் படித்துத் திரும்பி, பின்னாளில் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலாகவே ஆனார். சரித்திரத்தை வீட்டிலும் படிக்கலாம். ரசாயனச் சாலையும் பிரேதப் பரிசோதனையும் வீட்டில் ஏது? அந்தக் கதவு மூடினால் எல்லாம் மூடியது.

அத்தைக்கு வீட்டில் புத்தகமாவது இருந்தது. அதுவும் இல்லாதவர்கள்? வெங்ஙானூரில் 1863ல் பிறந்த அய்யன்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புலையர் குலத்தில் பிறந்ததால் எந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்காகச் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். அதை எதிரிகள் அழித்தார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளிகளைத் திரட்டினார். 1907லும் 1910லும் சர்க்கார் உத்தரவு போட்டது. காகிதத்தில் உத்தரவு இருந்தால் போதாது என்பது நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்களுக்குத் தெரியாததா? அதே 1910களில், உத்தரவைக் கையில் வைத்துக் கொண்டு, பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துப் போய் ஊரூட்டம்பலம் பள்ளியில் பெஞ்சில் உட்கார வைத்தார். பள்ளிக்கே தீ வைத்தார்கள். பாதி எரிந்த அந்த பெஞ்சை அந்தப் பள்ளியில் இன்றும் காத்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கு இப்போது அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயர். நகரத்திலிருந்து அரை நாளில் போய் வந்துவிடலாம்.

தீ வைத்தவர்கள் இன்ன ஜாதி என்று சொல்லி நாம் தப்பித்துக் கொள்ள வேண்டாம். 'தீட்டு' என்ற சொல் நம் திண்ணையிலும்தான் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்தில் நம் பையன்களுக்கு ஊட்டுப்புரையில் சாப்பாடு, ஆத்தில் ஓலை, பக்கத்து ஆத்தில் சாஸ்திரிகள். பஞ்சமிக்கு இதில் ஒன்றும் கிடையாது. வீட்டில் படிப்பதா, பள்ளியில் படிப்பதா என்ற கேள்வியே அவளுக்கு இல்லை. அந்த பெஞ்சு ஒன்றுதான் அவளுக்கு இருந்த வழி. 1911ல் ஸ்ரீமூலம் பிரஜா சபை அங்கத்தினரான அய்யன்காளி அங்கே பேசியதிலும் பள்ளி விஷயம் முக்கியமானது. 1937ல் காந்திஜி வெங்ஙானூருக்கு வந்தபோது, தன் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைக் கண்ணால் பார்த்துவிட்டு இறக்க வேண்டும் என்ற தன் ஆசையைச் சொன்னார். எழுத்தறியாதவர் பள்ளியின் மதிப்பை அளந்த அளவுக்கு நாம் அளந்தோமா என்று எனக்குச் சந்தேகம்.

நம் காலத்தில்

நம் காலத்திலும் தனிப்படிப்பு இருந்தது. காலேஜில் இடம் கிடைக்காதவர்கள் பிரீ டிகிரிக்கும் பி.ஏ.வுக்கும் சர்வகலாசாலையில் பிரைவேட்டாகப் பதிவு செய்து பரீட்சை எழுதினார்கள். அவர்கள் வீட்டில் உட்கார்ந்தா படித்தார்கள்? ஊருக்கு ஊர் பாரலல் காலேஜ்கள் முளைத்தன. கொட்டகையில் பெஞ்சு போட்டு, வேலை கிடைக்காத எம்.ஏ.க்கள் பாடம் எடுத்தார்கள். தனியாகப் படிக்கச் சொன்னாலும் ஜனங்கள் சேர்ந்து உட்கார ஒரு இடம் தேடிக் கொண்டார்கள்.

கடைசிச் சோதனை 2020ல் வந்தது. கொரோனாவினால் மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஜூன் 1ந் தேதி முதல் கைட் விக்டர்ஸ் சானலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள். 2021 நவம்பர் 1ந் தேதி பள்ளி திறக்கும் வரை கேரளத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வீட்டுப் படிப்புதான். டி.வி.யும் போனும் இருந்த வீட்டுப் பிள்ளைகள் சமாளித்தார்கள். இல்லாத பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் டி.வி. வைத்துக் கூட்டாகப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. பள்ளி திறந்த அன்று வாசலில் பிள்ளைகள் ஓடியதை டி.வி.யில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

சட்டத்தையும் பார்த்தேன். 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்கியது. பெற்றோர் பள்ளியில் சேர்க்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் இல்லை. வீட்டில் படிக்கும் பிள்ளை 14 வயதுக்குப் பின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பத்தாம் வகுப்பு எழுதலாம். ஆகவே வழி இருக்கிறது. உடல்நிலை சரியில்லாத, அல்லது பள்ளியோடு எப்படியும் ஒத்துப் போக முடியாத குழந்தைக்கு அது நல்ல வழியும்கூட. அவர்களைக் குறை சொல்ல நான் யார்?

என் முடிவுக் குறிப்பு

மாதக் கடைசியில் பெண்ணுக்குப் போன் செய்தேன். "அம்மா, இவனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்துடு. லீவுக்கு இங்க அனுப்பு, கணக்கு நான் சொல்லித் தரேன். ஆனா நான் ஒருத்தன் அவனுக்குப் பள்ளிக்கூடம் ஆக முடியாது. எனக்குத் தெரிஞ்சதுதானே நான் சொல்லுவேன்? எனக்குத் தெரியாததை யார் சொல்றது? பக்கத்து பெஞ்சுப் பையன் சொல்லுவான்" என்றேன். சிறிது நேரம் அவள் பேசவில்லை. "நீங்க ஒத்துப்பேள்னு நினைச்சேன்" என்றாள். அவளுக்கு வருத்தம்தான். எனக்கும்தான். பேரன் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டான். முதல் வாரம் அழுதான் என்று கேள்வி.

வீட்டில் பாட்டி சொல்லும் ஸ்லோகம், தாத்தா போடும் கணக்கு, அப்பா வாங்கித் தரும் புத்தகம் இவற்றுக்கு ஈடாக எந்தப் பள்ளியும் இல்லை. ஆனால் அந்த வீடு வாய்த்தவர்களுக்குப் பள்ளி ஒரு துணை, வாய்க்காதவர்களுக்கு அதுவே எல்லாம். வாய்த்தவர்கள் பள்ளியை விட்டு ஒதுங்கினால், பள்ளியைப் பற்றிக் கேள்வி கேட்க ஆளில்லாமல் போகும் என்பதும் என் பயம்.

நம் சபைக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். சமூஹ மடத்து ஹால் சாயங்காலங்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. கணக்கும் ஆங்கிலமும் விஞ்ஞானமும் தெரிந்த ஓய்வு பெற்றவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் அந்த ஹாலைத் திறந்து, அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல், உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கலாமே. ஜடாபாடிகள் செய்ததில் நூற்றில் ஒரு பங்காவது ஆகும். முதல் நாள் பாடம் எடுக்க நான் தயார். பெஞ்சு மட்டும் வேண்டும்.